மழைக்குப் பிறகு மீதி

குடை வாங்கினால் மழை பெய்கிறவரை காசு கொடுக்காத ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். சிரம்பானிலிருந்து சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு வரும் வியாபாரியிடம் குடையை வாங்கி, நல்ல வெயிலில் விரித்துத் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்துவிட்டு, "மழை வரட்டும்யா, அப்புறமா வந்து காசு வாங்கிக்க" என்றார். வியாபாரி வேடிக்கை என்று நினைத்து முதலில் சிரித்தான். பிறகு கெஞ்சினான். கடைசியில் பிடுங்காத குறையாகக் குடையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனான். அடுத்த சம்பள நாளில் கொட்டுகிற மழையில், சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவர் தொப்பலாக நனைந்து ஆபீசுக்கு வந்து நின்றார்.

"குடையை வாங்கியிருக்கலாமேக்கா" என்றேன்.

"அது ஒழுகியிருக்கும்."

"ஒழுகாத குடையா இருந்திருந்தா?"

"ஒழுகாத குடைன்னா அவன் தைரியமா வச்சிட்டுப் போயிருப்பான்லா."

இந்தப் பதிலை நான் பல தடவை திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் பார்த்தால் மகா புத்திசாலித்தனமாக இருக்கும். மறுபக்கம் பார்த்தால், நனைந்தது யார் என்ற கேள்வி வரும். அவரைப் பற்றிய எல்லாமே எனக்கு இப்படித்தான்.

நான் அப்போது நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. ரஹாங்கில் பிறந்து வளர்ந்தவன். நாலு எழுத்து ஆங்கிலம் படித்த பாவத்துக்காகத் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் வாயாக உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்காரன் மலாயாவில் அறிவித்திருந்த அவசரகாலம் அது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், இடையில் நாங்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் அதைப் பூட்டிவிடுவார்கள். காலையில் பால் வெட்டப் போகிறவர்களை அந்த வாசலில் நிறுத்தி மடியைத் தடவிச் சோதனை போடுவார்கள். ஒரு பிடி அரிசி அகப்பட்டாலும் அது காட்டுக்காரர்களுக்குப் போகிற அரிசி என்றுதான் கணக்கு.

அவர் பால் வெட்டுகிறவர். நாற்பதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர், ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டவர். பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் பாரோயில் இருக்கிறார்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள். நாலு பேர் முன்னால் என்னைக் "கிராணி ஐயா" என்பார். தனியாக இருந்தால் "தம்பி". ஐயாவுக்கும் தம்பிக்கும் நடுவில் குரல் மட்டும் மாறவே மாறாது, இரண்டிலும் ஒரே அதட்டல்தான்.

மகளைக் கட்டிக் கொடுத்த கதை தோட்டம் முழுக்கப் பிரசித்தம். மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வந்துவிட்டார்கள். பேச்சு நடக்கிறது, காப்பி வருகிறது, சோறு மட்டும் வரவில்லை. உச்சிப்பொழுது தாண்டியது. "உலை கொதிக்குது, கொதிக்குது" என்று இவர் உள்ளே போய்ப் போய் வருகிறார். அடுப்பே மூட்டவில்லை என்பது பக்கத்து அறைக்காரிக்குத்தான் தெரியும். கடைசியில் மாப்பிள்ளைப் பையன் எழுந்து நின்று, மனுஷனை வரச்சொல்லிப் பட்டினி போடுவதுதான் உங்க ஊர் மரியாதையா என்று கத்திவிட்டான். அவனுடைய அப்பா வெலவெலத்துப் போனார். இவரோ முகம் மலர, அரிசியைக் களைய உட்கார்ந்தாராம்.

"கோவப்பட்டுட்டானேக்கா, அப்புறமும் எப்படிச் சம்மதிச்சீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எந்த ஆம்பளைக்கித் தம்பி கோவம் வராது? கையில டம்ளர் வச்சிருந்தான். அதைக் கீழ வச்சிட்டுத்தான் கத்தினான். அது போதும்லா."

என்னையும் விட்டு வைக்கவில்லை. ஈப்போவில் இருந்த தன் கூடப்பிறந்த தம்பி எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னார், படித்தேன். சில வாரம் கழித்து இன்னொரு கடிதம் வந்திருக்கிறது என்று கொண்டுவந்தார். இரண்டு வரி படித்ததுமே தெரிந்துவிட்டது, அதே பழைய கடிதம். "இது போன தடவை படிச்சதுதானேக்கா" என்றேன். "ஆமா. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி படிக்கிறியான்னு பாத்தேன்" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. கூடவே பரீட்சையில் தேறிவிட்ட சந்தோஷமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் நாலு மரக்கால்கள் என்று தோட்டத்தில் சொல்வார்கள். அவர் கணவர் பாரோய்ப் பக்கம் ரோட்டோரமாக ஒரு துண்டு நிலம் பிடித்து, வீடு கட்ட ஓர் ஆளை அமர்த்தினார். கையில் கடிகாரமும் சட்டைப்பையில் பேனாவும் வைத்திருந்த ஆள். கேட்ட மாத்திரத்தில் மொத்தப் பணத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டார் கணவர். அந்த ஆள் நாலு மூலைக்கும் நாலு மரத்தை நட்டான், தகரம் வாங்கி வருகிறேன் என்று போனான், போனவன் போனவன்தான். கணவர் ஞாயிறு தவறாமல் போய் அந்த நாலு மரத்தையும் பார்த்துவிட்டு வருவாராம். அந்த ஏக்கத்திலேயே காய்ச்சலில் விழுந்து போய்ச் சேர்ந்தார்.

காரணம் கிடைத்துவிட்டது என்று நானும் திருப்திப்பட்டிருந்தேன். அந்த மகள் ஒரு தடவை தாய்வீட்டுக்கு வந்தபோது அதையும் கெடுத்துவிட்டுப் போனாள். "அதெல்லாம் இல்லீங்கய்யா, அம்மா பொறந்ததிலேருந்தே அப்பிடித்தான். அப்பாவைக் கட்டறதுக்கு முந்தியே, ஆத்துல நீந்திக் காட்டச் சொன்னாங்களாம்."

அவர் அதே நிலத்தில் இரண்டாம் தடவை வீடு கட்டப் புறப்பட்டது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். கூட்டுச் சீட்டுப் பணத்தோடு இரண்டு வளையலை விற்ற பணமும் சேர்ந்திருந்தது. தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு: பால் வெட்டுகிறவரைதான் லயத்து அறை. கை தளர்ந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். மருமகன் வீட்டில் போய் உட்கார்கிற ரகமில்லை அவர். இந்தப் பணமும் போனால் மூன்றாம் தடவை என்று ஒன்று கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆளைப் பிடித்த விதமும் அவர் பாணிதான். ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கொட்டகையின் கூரையைப் பழுது பார்க்க ஒரு சீனத் தச்சர் வந்திருந்தார். சின்னச் சின்ன வீடுகளைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டுகிறவர். எல்லோரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். தவுக்கே என்றால் முதலாளி. இந்த முதலாளிக்கு இரண்டு கூலியாட்களும் ஒரு சைக்கிளும்தான் சொத்து. அரசாங்கம் வேலி போட்டுக் குடியேற்றிய புதுக்கிராமத்தில் இருந்தார். அங்கேயும் முள்வேலி, அங்கேயும் ஒரே வாசல். அவர் வேலையை முடித்துப் போன பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க இவர் புகைக்கொட்டகைக்குள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் ஆளனுப்பினார்.

பேச்சுவார்த்தை ஆபீஸ் வாசலில் நடந்தது. நான் சாட்சி. தவுக்கேயும் இவரும் பசார் மலாயில், கடைத்தெருவில் எல்லோரும் பேசுகிற அரைகுறை மலாயில், பேசிக்கொண்டார்கள். மரமும் தகரமும் ஆணியும் இவரே லோபாக் கடையில் தன் பேரில் வாங்கிப் போடுவார். தவுக்கேக்குக் கைவேலைக் கூலி மட்டும், அதுவும் முன்பணமில்லாமல் மூன்று பங்காக. மரச்சட்டம் நின்றால் ஒரு பங்கு. பலகையும் கூரையும் முடிந்தால் இன்னொரு பங்கு.

"மூணாவது?" என்று தவுக்கே கேட்டார்.

"ஊஜான்" என்றார் இவர். மழை. ஒரு பெரிய மழை பெய்து முடித்த பிறகு மூன்றாம் பங்கு.

தவுக்கே வானத்தைப் பார்த்தார். அன்றைக்கு நன்றாகக் கறுத்துக் கிடந்தது. சிரித்துக்கொண்டே "போலே, போலே" என்று சம்மதித்துவிட்டார். நான் என் படிப்பைக் காட்டுகிற ஆசையில், இதையெல்லாம் ஒரு பத்திரமாக எழுதி ஸ்டாம்பு ஒட்டிவிடுகிறேன் என்றேன்.

"பத்திரம் வேணாம் தம்பி. அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு எந்த எழுத்துமே தெரியாது. உனக்கு மட்டும் தெரிஞ்ச பத்திரம் உனக்குத்தான் ஆவும்."

"அப்ப எதை நம்பி இவ்வளவு வேலையைக் குடுக்கறீங்க?"

"எதுக்கு நம்பணும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

வீடு மளமளவென்று எழும்பியது. தவுக்கேயின் கை நல்ல கை. முதல் பங்கும் இரண்டாம் பங்கும் சொன்ன வேளைக்குப் போய்விட்டன. கூரையில் கடைசித் தகரம் ஏறியதும், எவன் கண் பட்டதோ, மழை நின்றுபோனது. ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றன, பால் வற்றியது, கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. மாரியம்மன் கோயிலில் மழை வேண்டிக் கூழ் ஊற்றினார்கள். அந்த வரிசையில் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றவர்களில் தவுக்கேயும் ஒருவர்.

ஒருநாள் மத்தியானம் அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். சட்டை ஈரம். பாரோயில் மழை, பார், பார் என்று சட்டையைப் பிடித்துக் காட்டினார். எனக்கு ஒரே மகிழ்ச்சி, ஆளனுப்பி இவரை வரவழைத்தேன். இவர் வந்து சட்டையைத் தொட்டுப் பார்த்தார், குனிந்து மோந்தும் பார்த்தார். "வேர்வை" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

இன்னொரு நாள் தவுக்கே எங்கிருந்தோ தண்ணீர் சுமந்து வந்து, ஏணி போட்டுக் கூரை மேல் ஏறி, வாளி வாளியாக ஊற்றிக் காட்டினார். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. நானே போய்ப் பார்த்தேன். "இதுக்கு மேல என்னக்கா வேணும்?" என்றேன்.

"நீ ஊத்தற தண்ணி நீ ஊத்தற பக்கந்தான் போவும். மழை காத்தோட வரும்லா."

சரிதானே என்று தோன்றியது. ஏணியடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த தவுக்கேயைப் பார்த்தேன், அவர் பக்கமும் சரி என்றே தோன்றியது. கூலி கொடுக்க வழியில்லாமல் அவருடைய இரண்டு ஆட்களும் வேறு இடம் போய்விட்டார்கள். வீட்டில் மனைவி பிள்ளையுண்டாகி இருந்தாள். அன்று எனக்கு அவர் மேல் இரக்கமும் இவர் மேல் எரிச்சலும் வந்தன. ஆனால் ரோட்டில் நடந்து வரும்போது அந்த நாலு மரக்கால்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. இரண்டு பேரும் சரியாக இருந்தால் நடுவில் நிற்பவன் என்னதான் செய்வான்?

மூன்றாம் பங்குப் பணத்தை இவர் ஒரு துணியில் முடிந்து இடுப்பிலேயே வைத்திருந்தார். எந்த நேரம் மழை வரும் என்று தெரியாதே, வந்தால் உடனே கொடுக்க வேண்டாமா என்பது அவர் நியாயம். வழக்கமாகச் சோதனை போடுகிற பெண்ணுக்கு இது தெரியும். ஒருநாள் அவள் வரவில்லை, புதியவள் ஒருத்தி நின்றாள். மடியைத் தடவினாள், முடிச்சு தட்டுப்பட்டது, அவிழ்த்துப் பார்த்தாள். காட்டோரத்து மர நிரைக்குப் பால் வெட்டப் போகிற பெண்ணிடம் இத்தனை பணமா? காட்டுக்காரர்கள் தொழிலாளர்களிடம் சந்தா பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஊதல் ஊதினார்கள்.

ஆபீசில் துரையின் அறையில் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி உட்கார்ந்தார். எதிரே இவர். நடுவில் மொழிபெயர்க்க நான். பணம் யாருக்கு என்றார் அதிகாரி.

"தவுக்கேக்கி."

காட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள்; சீனருக்கு என்றதும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். எதற்கு?

"கூரைக்கி."

கூரை எப்போது முடிந்தது?

"அது ஆச்சு, தைப்பூசத்துக்கு முந்தி."

முடிந்ததற்கு ஏன் இன்னும் கொடுக்கவில்லை?

"மழை பெய்யலையே."

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்து, மறுபடியும் கேட்டு ஒழுங்காகச் சொல் என்றார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் மழை பெய்யவில்லை. அந்த நாட்களில் சந்தேகம் போதும், விசாரணை இல்லாமலே அடைத்து வைக்கலாம். உள்ளே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. "அக்கா, கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்கக்கா" என்று மன்றாடினேன். "இதுல விளக்க என்னா இருக்கு?" என்றார்.

ஜீப் அனுப்பித் தவுக்கேயைப் புதுக்கிராமத்திலிருந்து கொண்டுவந்து, பால் நிறுக்கும் கொட்டகையில் தனியாக உட்கார வைத்தார்கள். போலீசைக் கண்டால் அந்தக் காலத்து மனுஷர்கள் முதலில் சொல்வது "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பதுதான். இந்தத் தமிழச்சியை நான் பார்த்ததே இல்லை என்று அவர் சொன்னால் இவர் கதை முடிந்தது. அந்தப் பெண் உனக்குப் பணம் தரவேண்டுமா என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

தவுக்கே என்னைப் பார்த்தார், அதிகாரியோடு வந்திருந்த சார்ஜெண்டைப் பார்த்தார். பிறகு எங்கிருந்து வந்ததோ அப்படியொரு கோபம். ஆமாம், தர வேண்டும், மழை பெய்யவில்லையாம், தரமாட்டேன் என்கிறாள், வாளியில் ஊற்றிக் காட்டினேன், என் சட்டையை மோந்து பார்த்து வேர்வை என்கிறாள், துவான், நீங்களே கேளுங்கள் என்று கை காலை ஆட்டி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அவ்வளவு உண்மையான வசவை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதிகாரி குழம்பித்தான் போனார். ஆனால் பொய் என்று நினைக்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே அறைக்கு வரவழைத்து, சரி, என் முன்னாலேயே பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடி, இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். அப்பாடா என்று நானும் மூச்சு விட்டேன்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மழை பெய்யட்டும்னு சொல்லு தம்பி."

"அக்கா, இது போலீசு. கும்பிட்டுக் கேக்கறேன், குடுத்துடுங்க."

"சொன்னதைச் சொல்லு."

சொன்னேன். அதிகாரியின் முகம் சிவந்தது. அடுத்து என்ன வருமோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டபோது, தவுக்கே இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். பரவாயில்லை துவான், அப்படித்தான் பேச்சு, ஊஜான் பெலும், மழை இன்னும் வரவில்லை என்றார். இத்தனை நாளாக எந்தப் பணத்துக்காக நாயாய் அலைந்தாரோ அந்தப் பணத்தை அவரே வேண்டாம் என்றார். ஏன்? தன் கூரைமேல் இருந்த ரோஷமா, அல்லது போலீஸ் கையால் வாங்கினால் இவளிடம் தோற்றதாக ஆகிவிடும் என்றா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அதிகாரி கடைசியில், பணத்தை உறையிலிட்டு அரக்கு வைத்து ஆபீஸ் இரும்புப் பெட்டியில் பூட்டச் சொன்னார். மழை பெய்தால் தானே வந்து நின்று கொடுக்க வைப்பதாகவும், அதுவரை இரண்டு பேர் மேலும் கண் இருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து இவருக்கு ஒரு கவலை. மழை சாயங்காலத்துக்கு மேல் வந்தால் ஊரடங்கு, போய்ப் பார்க்க முடியாது. மண் தரையில் விழுந்த சொட்டு காலைக்குள் காய்ந்துவிடும். அதனால் புகைக்கொட்டகைச் சாம்பலைச் சலித்து ஒரு சாக்கில் கட்டினார். வாசலில் அரிசி இருக்கிறதா என்று அந்தச் சாம்பலுக்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினார்கள். கொண்டுபோய் வீட்டுத் தரை முழுக்க ஒரே சீராகத் தூவி, பூட்டி, சாவியைக் கழுத்துக் கயிற்றில் போட்டுக்கொண்டார். சாம்பலில் விழுந்த சொட்டு அழியாது, தழும்பு நிற்கும்.

மழை வந்தது. அவர் பயந்தபடியே, வாசல் பூட்டிய பிறகு வந்தது. மரத்தை முறிக்கிற காற்றோடு வந்தது. நான் ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் லயத்து முன்னால் வேலியோரமாக, பாரோய் இருக்கும் திசையைப் பார்த்து நனைந்துகொண்டு நின்றார்.

விடிந்ததும் அதிகாரி சொன்னபடி வந்துவிட்டார். ஜீப்பில் அவரும் சார்ஜெண்டும் டிரைவரும், பின்னால் நானும் இவரும். ரோடு முழுக்கச் செம்மண் சேறு. ஜீப்பே ஓரிடத்தில் புதைந்து கிளம்பியது. வீட்டு முன்னால் தவுக்கே எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். அதிகாரியும் மற்றவர்களும் சக்கரத்து மண்ணைத் தட்டிக்கொண்டு நிற்க, நாங்கள் இருவரும் முன்னால் நடந்தோம்.

முதலில் என் கண்ணில் பட்டது தவுக்கேயின் சைக்கிள். சக்கரத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அப்புறம் அவர் பாதங்கள். கணுக்கால் வரை சாம்பல் நிறம். இந்த மனுஷர் காலையில் வந்தவரில்லை. மழை கறுக்கும்போதே வந்து, ஊரடங்கு நேரம் முழுக்க இங்கேயே இருந்திருக்கிறார். ஊரடங்கில் வெளியே அகப்பட்டவனைச் சுட்டுவிட்டுத்தான் பெயரைக் கேட்பார்கள்.

இவர் பூட்டைத் திறந்தார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் பார்த்தேன். சாம்பலில் எங்கும் சொட்டுத் தழும்பு இல்லை. ஆனால் பின்சுவரிலிருந்து வெறுங்கால் தடங்கள் வந்திருந்தன. கட்டினவனுக்கு எந்தப் பலகை கழலும் என்று தெரியாதா? தடங்கள் ஒரு மூலைக்குப் போய் நின்றன. அந்த மூலையில் சாம்பலின் மேல் வட்டமாக ஓர் அழுத்தம், வாளியின் அடி அளவுக்கு. வாளியைக் காணோம்.

இவர் அந்த வட்டத்தைப் பார்த்தார். அண்ணாந்து அதற்கு நேர் மேலே தகரத்தைப் பார்த்தார். திரும்பி வாசலில் நின்ற தவுக்கேயின் கால்களைப் பார்த்தார். தவுக்கே முகத்தில் ரத்தமே இல்லை. வெளியே அதிகாரியின் பூட்ஸ் சத்தம் நெருங்கியது.

வாழ்நாளெல்லாம் எதையும் சோதிக்காமல் ஏற்காத மனுஷிக்கு வேண்டிய சாட்சி முழுசும் காலடியில் கிடந்தது. சட்டென்று மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்தார். "வூட்டுக்குத் தொரை வர்றாங்க, இப்பிடியா சாம்பலாக் கெடக்கும்!" என்று கத்திக்கொண்டே, தடத்தையும் வட்டத்தையும் சேர்த்து வாரி வாரிப் பெருக்கினார். அந்தத் தூசியில் வாசல் மறைந்துபோனது. "நீயும் உள்ள வந்து காலால தள்ளு" என்று தவுக்கேயைப் பிடித்து இழுத்துவிட்டார். அதிகாரி உள்ளே வரும்போது எங்கள் எல்லோர் காலிலும் சாம்பல்.

என்ன ஆயிற்று என்று இருமிக்கொண்டே கேட்டார் அதிகாரி.

"ஒழுகலைன்னு சொல்லு தம்பி."

சொன்னேன். அரக்கை உடைத்தார்கள். இவர் பணத்தை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். தவுக்கே எண்ணாமல் பையில் போடப் போனார். "எண்ணு" என்று அதட்டினார். அவர் எண்ணினார், இரண்டு தடவை தவறவிட்டு எண்ணினார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் நடந்தே திரும்பினோம். தோட்டத்து வேலி கண்ணில் படுகிறவரை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"அக்கா, கூரை ஒழுகுச்சா, இல்லையா?"

"யாருக்குத் தெரியும்?"

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. "வாளி வச்சுப் பிடிச்சு உங்களை ஏமாத்தியிருந்தா?"

"இருக்கும்."

"தெரிஞ்சே ஏன் குடுத்தீங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் தம்பி, அவனைச் சுட்டுப்புட்டா நாளைக்கி எவன் வந்து கூரையைப் பாப்பான்?"

இது கருணையா, அல்லது அதிலும் ஒரு கணக்கா? கேட்டால் இன்னொரு அதட்டல்தான் கிடைக்கும் என்று பேசாமல் நடந்தேன். ஆனால் அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது. கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். பிடித்திருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பார்.

அவர் அந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோனார். மழைக்காலம் தொடங்கும் முன் தவுக்கே தார் டின்னோடு வந்து, யாரும் கூப்பிடாமலே கூரை மேல் ஏறுவார், தட்டுவார், பூசுவார், இறங்குவார். இவர் காசு கொடுத்ததை நான் பார்த்ததில்லை, காப்பி கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வேலி எல்லாம் எடுத்த பிறகு ஒருநாள், நல்ல மழையில் அந்தப் பக்கம் போக நேர்ந்து, ஒதுங்குகிற சாக்கில் உள்ளே போனேன். என் கண் தன்னால் அந்த மூலைக்குப் போயிற்று. சரியாக அந்த வட்டம் இருந்த இடத்தில் ஒரு பித்தளைக் குடம் வாய் திறந்து நின்றது. மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்தில், அதற்குள் சொட்டு விழுகிறதா என்று காது கொடுத்தும் கேட்கவில்லை. மெல்லக் குனிந்து பார்க்கப் போனேன்.

"என்னா பாக்குற? குடிதண்ணி" என்றார்.

ஒரு குவளை மொண்டு என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடிக்கிறவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குடித்தேன். கிணற்றுத் தண்ணீரா, கூரைத் தண்ணீரா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.